மாடிக் குழாய்க்கு மூடி

கப்பல் துணி வெளுக்கிறவளுக்குக் கறையைப் பற்றிக் கவலை கிடையாது. கறையைக் கழுவின தண்ணீர் எந்த வழியாகப் போய்த் தொலைகிறது என்பதுதான் கவலை.

உங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் அது இறங்குவதற்குள் களக் களக்கென்று தொண்டையைச் செருமுகிறதா? இங்கே கொட்டினால் பக்கத்துப் போர்ஷன் தொட்டி அதற்குப் பதில் பேசுகிறதா? ஒன்றும் அழுகாமலே அழுகின வாடை அடிக்கிறதா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். ராயபுரத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். அதிகம் படித்தவளல்ல, முன்னும் பின்னுமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் வந்தது

என் கணவர் ஹார்பர் வேலையில் இருந்து காலமான பிறகு கப்பல்களிலிருந்து துணி வாங்கி வெளுக்க ஆரம்பித்தேன். மேஜை விரிப்பு, படுக்கை விரிப்பு, சாப்பிடும்போது வெள்ளைக்காரர்கள் மடியில் போட்டுக்கொள்ளும் துண்டு, இப்படி எல்லாம் வெள்ளைத் துணி. வெளுப்பது நான், இஸ்திரி போட்டு மடிப்பது ஜெய்னம்பு. ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி இரண்டு போர்ஷனாக விட்டிருந்தார்கள். முன்பக்கம் நான், பின்பக்கம் அவள், அவள் புருஷன் காதர் பாய், அவர்கள் மகள் ரஹ்மத். பகல் பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி அடித்தால் நான் செபம் சொல்ல உட்காருவேன், அவளும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்காருவாள். அவள் தொழப் போனால் நான் கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு வேதத்தாலும் எங்கள் இருவருக்கும் ஓய்வு கிடைத்தது.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களையெல்லாம் ஏலம் போட்ட காலம். என் மகன் அந்தோணி அந்த ஏலத்தில் ஒரு துணி துவைக்கும் மெஷினை எடுத்து, கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். அண்டா மாதிரி ஒரு தொட்டி, மேலே துணி பிழிய இரண்டு ரப்பர் உருளை, அடியில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திருப்பினால் அழுக்குத் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் ரப்பர் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். அம்மாவின் முதுகு இனி வளையக் கூடாது என்பது அவன் ஆசை. அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நீராவிக் குழாய்களுக்கு ஃபிட்டர். குழாய் என்றால் சொட்டுக் கசியக் கூடாது. ரப்பர் குழாயைச் சமையலறைத் தொட்டியின் குழாயோடு சேர்த்துச் சணல் சுற்றி எறும்பு நுழையாதபடி இறுக்கினான்.

அப்புறம் துணி காய்கிற கொடியைச் சரி செய்ய மொட்டைமாடிக்குப் போனான். அங்கே கைப்பிடிச் சுவருக்கு மேலே ஓர் இரும்புக் குழாய் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. கீழே இரண்டு போர்ஷன் தொட்டிகளும் போய்ச் சேருகிற சாக்கடைக் குழாயிலிருந்து நடுச்சுவரோடு ஏறி வருகிற குழாய். அதன் பக்கத்தில்தான் என் வெள்ளைத் துணியெல்லாம் காயும். காக்கை வேறு மீன் குடலைக் கொண்டுவந்து அதற்குள் போட்டுக்கொண்டிருந்தது. அந்தோணிக்கு முகம் சிவந்துவிட்டது. தகட்டை அளவெடுத்து வெட்டி, மூடி அடித்து, சுற்றிலும் சணலும் சிவப்பு ஈயமும் வைத்து, போல்ட்டுப் போட்டு முடுக்கிவிட்டுத்தான் இறங்கினான். பெற்ற பிள்ளை இத்தனை அக்கறையாகச் செய்கிறானே என்று தேவமாதாவுக்கு நான் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். அவன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"வாயத் தொறந்துகினு நிக்கிற பைப்ப எங்க கம்பெனில யாரானா வுட்டுட்டு வந்தா, ஃபோர்மேன் அவனயே புட்சி அதுக்குள்ள சொருவிடுவாரும்மா!"

மெஷினுக்கு மந்திரிப்பு

எங்கள் பக்கத்தில் புதுப் படகு இறக்கினால் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது வழக்கம். படகுக்குச் செய்வதை மெஷினுக்குச் செய்யக் கூடாதா? சாமியாருக்கு நேரமில்லை, கோயிலில் தனக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரைத் தீர்த்தத்தோடு அனுப்பினார். கோயில் துணிகளையும் நான்தான் வெளுத்துக் கொடுப்பேன், ஆகையால் எங்கள் மேல் சாமியாருக்குப் பிரியம். பீடத்துத் துணிகளை மெஷினில் போடமாட்டேன், அவற்றைக் கையால் கசக்கி அந்தத் தண்ணீரை முற்றத்துப் பூவரசடியில் ஊற்றுவேன் என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். பீடத்தில் கிடந்த துணியின் தண்ணீர் சாக்கடைக்குப் போக எனக்கு மனம் வராது.

உபதேசியார் கண்ணை மூடிச் செபம் சொன்னார். ஜெய்னம்புவும் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியருகே மரியாதையாக நின்றாள். 'ஆமென்' வரும் நேரம் பார்த்து நான் கைப்பிடியைத் திருப்பினேன். தண்ணீர் கடகடவென்று போயிற்று. போன கையோடு, சுவருக்கு அந்தப் பக்கம் ஜெய்னம்பு வீட்டுத் தொட்டி, எருமை தண்ணீர் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாற்போல, 'ஹ்ர்ர்ராவ்' என்று ஒரு சத்தம் போட்டது. ரஹ்மத் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். உபதேசியார் அசரவில்லை. தீர்த்தச் செம்பைத் தட்டி மூடிவிட்டுச் சொன்னார்:

"பயப்படாதீங்க, உள்ள இருந்தது போயிடுச்சு. ஆனா சுவத்துக்கு அந்தாண்ட போயிருக்கு, அதான் கொஞ்சம் யோசனையா இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

மேஜை விரிப்பில் மெட்ராஸ்

சிரிப்பு மழைக்காலம் வரைதான். தொட்டிக்கு அடியில் குழாய் ஓரிடத்தில் வளைந்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். சாக்கடையின் நாற்றத்தை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான். மெஷின் ஒவ்வொரு தடவை தண்ணீரைத் தள்ளும்போதும் அந்த வளைவுத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கதவில்லாத வீடு மாதிரி ஆகிவிடும் குழாய். இதெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது நாற்றம் ஒன்றுதான்.

மழையில் மாடியில் உலர்த்த முடியாமல் சமையலறையில் கொடி கட்டிக் காயவைத்தேன். வெள்ளைத் துணி கறையைக் காட்டும், வாடையைக் காட்டாது. மடித்து அனுப்பிவிட்டோம். எங்களுக்குத் துணி கொண்டுவருகிறவர் பட்லர் சின்னப்பா, கப்பலில் சாப்பாட்டுக் கூடத்துக்கு அவர்தான் பெரியவர். கப்பல் ஊர் சுற்றித் திரும்பி வந்ததும் ஒரு மேஜை விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நானும் ஜெய்னம்புவும் எதிரில் நின்றோம். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கேப்டன் தொர இத மோந்து பாத்துட்டு 'பட்லர், மெட்ராஸ் வந்துடுச்சா?'ன்னு கேட்டாரும்மா; கப்பல் அப்போ கொழும்புல நிக்குது."

புகைப் போட்டி

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் மனிதர் என்ன செய்வார்கள்? அவரவர் வழியில் மறைக்கப் பார்ப்பார்கள். சனிக்கிழமை மாதாவுக்குச் சாம்பிராணி போடுவது எனக்கு வழக்கம். அதைத் தினமும் போட ஆரம்பித்தேன். ஜெய்னம்பு வெள்ளி இரவுக்குப் போடுகிறவள், அவளும் தினமும் போட ஆரம்பித்தாள். நான் ஒரு கை கூடப் போட்டால் அவள் இரண்டு கை போடுவாள். சுவருக்கு இந்தப் பக்கமும் புகை, அந்தப் பக்கமும் புகை, நடுவில் நாற்றம் தன் பாட்டுக்கு இருந்தது.

இதற்குள் தெருவில் பேச்சு வேறு. முன்வீட்டில் கருவாடு என்றார்கள் சிலர், பின்வீட்டில் ஆட்டுத்தலை என்றார்கள் சிலர். எங்கள் இருவர் காதிலும் விழுந்தது, இருவரும் விழாதது மாதிரி இருந்தோம். ஒரு சாயங்காலம் நடைபாதையில் தணல் சட்டியை வைத்துக்கொண்டு நான் புகை காட்டிக்கொண்டிருந்தபோது காதர் பாய் கடையிலிருந்து வந்தார். தங்கமான மனிதர், கப்பல் கயிறு விற்கிறவர், என்னை அக்கா என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. புகைக்குள் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்:

"ஏங்க்கா, இந்தப் பொகைய மாதாவுக்குப் போடறீங்களா, எங்களுக்குப் போடறீங்களா?"

ஐயோ, அப்படியில்லை பாய் என்றேன். அவரும் தெரியும் தெரியும் என்றார். ஆனால் மறுநாள் ஜெய்னம்பு இஸ்திரி போடுகையில், ரஹ்மத்துக்கு வரன் பார்ப்பதைப் பற்றி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அதுவரை அதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே இருந்ததில்லை.

சொந்தக்காரர் விசாரணை

வீட்டுச் சொந்தக்காரர் தங்கசாலைப் பக்கம் இருந்தார். ஆள் விட்டு ஆள் விட்டு ஒரு வழியாக வரவழைத்தோம். வெள்ளைக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார், போகும்வரை எடுக்கவில்லை. என் தொட்டியில் ஒரு குப்பி பினாயில் ஊற்றினார். அது ஜெய்னம்பு வீட்டில் மணத்தது. அவள் தொட்டியில் ஒரு குப்பி ஊற்றினார். அது என் வீட்டில் மணத்தது. இப்போது நினைத்தால், அந்த வீடு எவ்வளவு தெளிவாகத் தன் வியாதியைச் சொல்லிக்கொண்டிருந்தது! யாருக்கும் காது இல்லை.

"என்கிட்ட ஒண்ணும் இல்லை ஐயா, பின்னால் பாருங்கள்" என்று நான் சொல்லவில்லை. "முன்னூட்லதான்" என்று அவளும் சொல்லவில்லை. இருவரும் "தெரியலீங்க" என்றுதான் சொன்னோம். அவருக்கு அது திருட்டுத்தனமாகப் பட்டிருக்கும். நடுச்சுவரைக் கைத்தடியால் தட்டிக்கொண்டே சொன்னார்:

"முன்னால கேட்டாலும் தெரியாது, பின்னால கேட்டாலும் தெரியாதுன்னா, நடுவுல இருக்கறது இந்தச் செவுரு ஒண்ணுதான். இதையா போய்க் கேக்கச் சொல்றீங்க?"

அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். மூடி போட்ட குழாய் அந்தச் சுவரோடுதான் ஏறிப் போயிற்று. அவர் கைத்தடி அதன் மேலேயே இரண்டு தடவை பட்டது.

பெண் பார்க்க வந்தார்கள்

ரஹ்மத்துக்கு வியாசர்பாடிப் பக்கத்து வரன் ஒன்று கூடி வந்தது. நல்ல இடம், பையன் அச்சாபீஸில் வேலை. பெண் பார்க்க வரும் நாள் குறித்ததும் ஜெய்னம்பு தானாக என்னிடம் வந்தாள். பழையபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கு மட்டும் மெஷினத் தொடாதே. உன் மாதாவுக்கும் சொல்லி வெய்யி" என்றாள். "நான் கையாலேகூட ஒரு கர்ச்சீப்புக் கசக்கமாட்டேன், நீ நிம்மதியாயிரு" என்றேன். அன்று விடிகாலையிலிருந்து இரண்டு வீட்டிலும் வளைவுக் குழாய்களில் சுத்தத் தண்ணீர் ஊற்றி வைத்தோம். என்ன காரணமோ, ஊற்றினால் வாடை கொஞ்சம் அடங்குகிறது என்பது மட்டும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. முதல் நாள் ஊறவைத்த விரிப்புகள் மெஷினில் நிறைந்த தண்ணீரில் அப்படியே கிடந்தன. நான் செபமாலையை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே காவல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். சுவர் வழியாகப் பேச்சும் சிரிப்பும் கேட்டது. சம்மதத்துக்கு அடையாளமாக ரஹ்மத்தின் வாயில் சர்க்கரை போட்டார்கள் என்பது அந்தச் சத்தத்திலிருந்தே தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்நேரம் ரஹ்மத்தே வாசல் பக்கமாக வந்து, "பெரிம்மா, அம்மா உன்னக் கூப்ட்றாங்க, இனிப்பு வாங்கிக்கோ" என்றாள். எழுந்து போனேன். நான் போன சமயம் பட்லர் சின்னப்பா வந்திருக்கிறார். கப்பல் அன்று சாயங்காலமே கிளம்புகிறதாம், துணி அவசரமாம். முன்வீடு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை, மெஷினில் துணி மிதக்கிறது. கப்பலில் இந்த மாதிரி மெஷினைப் பார்த்த மனிதர். அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று கைப்பிடியைத் திருப்பிவிட்டார்.

மாப்பிள்ளையின் பெரியம்மா அப்போதுதான் பிரியாணிக் கையைக் கழுவ ஜெய்னம்பு வீட்டுத் தொட்டியில் குனிந்திருக்கிறாள். தொட்டி முதலில் உறுமியது. அந்த அம்மாள் என்ன என்று இன்னும் குனிந்து பார்த்தாள். அடுத்த நொடி சோப்பு நுரையும் கறுப்புத் தண்ணீரும் முகத்துக்கு நேரே எழும்பிச் சேலையெல்லாம் அடித்தது. பின்னாலேயே அந்த நாற்றம். ஜெய்னம்பு தன் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்தாள். பெரியம்மா கெட்டவளல்ல. ரஹ்மத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"பொண்ணு எங்களுக்குப் புட்ச்சிருக்கு, வூடுதான் எங்களத் திட்டுது. நிக்காஹ் இந்த வூட்ல வேணாம், வேற வூடு பாருங்க."

தள்ளுவண்டி

வரன் நிலைத்தது. அதற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் வரன் நிலைக்க வேண்டுமானால் வீடு மாற வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரே தங்கள் பக்கத்தில் வியாசர்பாடியில் ஓர் இடம் பார்த்துக் கொடுத்தார்கள். சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றின அன்று பட்லரும் வந்து கயிறு கட்ட உதவினார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நா ஒத்தாசைன்னு நெனச்சேம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமாதானம் சொன்னேன். அவர் தப்பு இதில் என்ன இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் மேலே இஸ்திரிப் பெட்டியைச் சாக்கில் சுற்றி வைத்தாள் ஜெய்னம்பு. அப்புறம் வைத்ததை எடுத்து என் வாசற்படியில் வைத்தாள். "நீ வெச்சிக்கோக்கா. எனக்கு அங்க வெள்ளத் துணி எங்கேந்து வரப்போவுது" என்றாள். வாடையைப் பற்றியோ புகையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி நகர்ந்தபோது காதர் பாய்தான் திரும்பிப் பார்த்தார்:

"துவா செய்ங்கக்கா, அந்தச் சாம்பிராணி விஷயம் நா வெளாட்டுக்குக் கேட்டது, மனசுல வெச்சிக்காதீங்க."

எண்ணெய் டின்

அந்தோணி திருவொற்றியூரில் குடியிருந்தான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, எங்காவது கசிகிறதா என்று குழாய்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவான். ஒரு தடவை வாரத்தின் நடுவிலேயே, வேலைச் சட்டையோடு, முகம் வெளுத்து வந்தான். அவன் கம்பெனியில் ஆட்கள் குளிக்கப் புதிதாக ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள். பார்வையிட வந்தவர், கழிவுநீர்க் குழாயிலிருந்து மேலே காற்றுக்கு ஒரு குழாய் விடவில்லையே, வாயைத் திறந்தபடி கூரைக்கு மேலே ஏற்றிவிடுங்கள், அது இல்லாமல் தண்ணீர் ஒழுங்காக இறங்காது என்று சொல்லிவிட்டுப் போனாராம். கேட்டதும் இவனுக்கு நம் வீட்டு மொட்டைமாடி ஞாபகம் வந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினான். போல்ட்டுகளை உப்புக்காற்று கடித்துவிட்டிருந்தது. சுத்தியால் அடித்து மூடியைப் பெயர்த்தெடுத்தான்.

கீழே வந்து கைப்பிடியைத் திருப்பச் சொன்னான். திருப்பினேன். தண்ணீர் போயிற்று, அவ்வளவுதான். உறுமல் இல்லை, ஏப்பம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். மண்ணெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுச் சாய்த்தால் களக் களக்கென்று திணறித் திணறி ஊற்றும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் நூல் பிடித்த மாதிரி இறங்கும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். இது எனக்குத் தெரியாதா? ஜெய்னம்புவுக்குத் தெரியாதா? அந்தோணி மட்டும் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்:

"கசியக் கூடாதுன்னுதாம்மா எனக்குக் கத்துக்குடுத்தாங்க, மூச்சு வுடணும்னு யாரும் சொல்லலியே."

உங்களுக்கு ஒரு வார்த்தை

என்னைப் போல அவதிப்படுகிறவர்களே, நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்கு அடியில் வளைவுக் குழாய் இருக்கிறதா பாருங்கள், அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தக் குழாய்க்குப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேலே ஏறி வாயைத் திறந்து நிற்க வேண்டும். ஜன்னல் பக்கமும் துணி காயும் பக்கமும் வேண்டாம், தள்ளி விடுங்கள். காக்கைக்குப் பயந்தால் கம்பி வலை கட்டுங்கள், மூடி மட்டும் போடாதீர்கள். மெஷினின் ரப்பர் குழாயைச் சாக்கடைக் குழாயில் சணல் சுற்றி இறுக்காதீர்கள். நிமிர்ந்து நிற்கும் அகலக் குழாய் ஒன்றை வைத்து, அதற்கும் கீழே ஒரு வளைவு விட்டு, ரப்பர் குழாயை அதில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அந்தோணி இப்போது எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறான். ஒரு நாள் வேலைதான் பிடித்தது. வந்து பார்த்த பட்லர் சின்னப்பா தொட்டிக்குள் மூக்கை விட்டு மோந்துவிட்டு நிமிர்ந்தார்:

"இப்ப வாட இல்லம்மா. இது முன்னாடியே இப்டி இருந்திருந்தா, நா நூறு தபா கைப்பிடியத் திருப்பியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, இல்ல?"

வியாசர்பாடிக்குப் போனேன்

பின்போர்ஷன் காலியாகவே கிடந்தது. நாற்றவீடு என்று பேராகிவிட்டது, ஒருவரும் வரவில்லை. அது எனக்கு ஒரு விதத்தில் நல்லதாய்ப் பட்டது. ரஹ்மத்தின் கல்யாணமும் முடிந்துவிட்டது. இனி என்ன தடை? சொந்தக்காரரிடமும் பேசினேன், பழைய ஆட்களே வந்தால் சந்தோஷம் என்றார். மாதாவிடம் ஒன்பது நாள் வேண்டிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனேன். அதைக் கொடுக்கவல்ல. "வா, இதை நீயே தூக்கிக்கொண்டு வா" என்று சொல்லிக் கூட்டி வரத்தான்.

ஜெய்னம்பு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். சின்ன வீடு. சமையலறையில் தொட்டி கிடையாது, பாத்திரம் கழுவின தண்ணீரை வாசலில் ஓடுகிற சாக்கடையில் கொட்டுகிறாள். நான் மூடியைப் பற்றி, டின்னைப் பற்றி, காற்றைப் பற்றி எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "அப்போ உன் கருவாடும் இல்ல, என் ஆட்டுத்தலயும் இல்ல!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். "வந்துடு ஜெய்னம்பு. வீடு சுத்தமாயிடுச்சு, சத்தியமா வாடை இல்ல" என்றேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். ரஹ்மத் முழுகாமல் இருக்கிறாள், பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். அது சந்தோஷ சமாசாரம்தானே என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் பெட்டியை மறுபடி துணியில் கட்டி என் மடியில் வைத்தாள்:

"நீ சொல்றத நா நம்பறேன்க்கா. ஆனா அந்த வூட்டுக்கு எம் பொண்ண அவுங்க அனுப்ப மாட்டாங்க, பொண்ணு வராத வூட்ல நா இன்னா பண்றது? சம்பந்தி வூட்ல போயி காத்து போறதுக்கு வழி இல்லாம போச்சுன்னு சொன்னா யாருக்குப் புரியும்? நாத்தம்தான்க்கா எல்லாருக்கும் புரியுது."

இப்போதெல்லாம் என் வீட்டுத் தொட்டி எத்தனை தண்ணீரைக் கொட்டினாலும் சத்தமில்லாமல் குடித்துவிடுகிறது, அதை மெச்சிக்கொள்ளத்தான் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.